படியெடுத்த நேரம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யாற்றின் கரையில் அமைந்த தொன்மையான ஊர் மாகறல். திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற சிவன் கோயில் இவ்வூரில் உள்ளது. இப்பகுதியிலேயே புகழ்பெற்ற உத்திரமேரூரும் உள்ளது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், குடவோலை முறை பற்றிய தம் முடிவுகளை அவ்வூர்ச் சபையார் கல்லில் வெட்டுவித்தனர். கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, மன்னனது ஆட்சியாண்டு 14 என்று கூறுவதோடு அமையாது, நாள் 16 என்றும் கூறுகின்றது. என்ன முடிவு செய்யப்பட்டது என்பதைப் போலவே, என்று செய்யப்பட்டது என்பதும் இன்றியமையாதது என நம் முன்னோர் கருதினர்.

கல் நெடுங்காலம் நிற்கும். பனையோலையோ செல்லுக்கும் ஈரத்திற்கும் இரையாவது. ஆதலின், பழைய ஏடு சிதையுமுன் அதனைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதுவது வழக்கம். எழுதி முடித்தோர் பலர் ஆண்டின் பெயரையும் திங்களையும் நாளையும் இறுதியில் குறித்து வைத்தனர். அக்குறிப்பு இருந்தால்தான் ஒரு படி எக்காலத்தது என்பது தெளிவாகும்.

இக்காலத்தில் நிலத்தின் பட்டா, குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, தேர்வு மதிப்பெண் ஆகிய யாவும் கணிப்பொறியில் சேமிக்கப்படுகின்றன. இவ்வாறு ஒழுங்குபடுத்தித் தொகுத்த செய்திகளின் களஞ்சியத்தைத் தரவுத்தளம் என்பர். கணிப்பொறியும் பழுதுபடும், மனிதர் கையும் தவறும். எனவே தரவுத்தளத்திற்கு நாள்தோறும் காப்புப்படி எடுத்து வேறிடத்தில் வைக்கின்றனர்.

படியெடுத்தால் மட்டும் போதுமா? போதாது. தொடங்கிய நேரம், முடிந்த நேரம், படியின் அளவு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முறையும் அறிக்கையாக எழுத வேண்டும். ஏன் என்பதைக் காண்போம்.

நள்ளிரவு 12 மணிக்குப் படி எடுக்கப்பட்டது என்றும், மறுநாள் மாலை 4 மணிக்குத் தரவுத்தளம் அழிந்தது என்றும் கொள்வோம். இடைப்பட்ட 16 மணி நேர வேலை அந்தப் படியில் இராது. எவ்வளவு இழந்தோம் என்பதை நமக்குச் சொல்வது படியெடுத்த நேரமேயாகும்.

இனி, படியெடுக்க ஆகும் கால அளவைக் கருதுவோம். வழக்கமாக ஒரு மணி நேரம் ஆகும் வேலை ஒரு நாள் ஒரே நிமிடத்தில் முடிந்தால் மகிழ்வதற்கில்லை. நூறு ஏடுகளைப் பெயர்த்தெழுதச் சென்றவர் நொடிப்பொழுதில் திரும்பினால், அவர் எழுதவில்லை என்றுதானே பொருள்? மாறாக, கால அளவு நாளுக்கு நாள் நீண்டால், செய்திகள் பெருகிவிட்டன என்றோ பொறி தளர்ந்துவிட்டது என்றோ அறியலாம். இரவில் தொடங்கிய பணி அலுவலக நேரம் வரையில் நீண்டுவிட்டால், மக்கள் பணியும் தடைப்படும்.

இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. மென்பொருள் எழுதுவோர் தம் படைப்புகளைச் சேமித்து வைக்கும் இணைய நிறுவனங்களுள் ஒன்று கிட்லேப். 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் இரவு, அங்குப் பணியாற்றிய பொறியாளர் ஒருவர், வேறொரு பொறி என்று எண்ணி, முதன்மைத் தரவுத்தளத்தையே அழிக்கத் தொடங்கிவிட்டார். தவற்றை உணர்ந்து ஓரிரு நொடிகளில் நிறுத்தினார். எனினும் ஏறத்தாழ 300 கிகாபைட்டு அளவான செய்திகள் போய்விட்டன. காப்புப்படியைத் தேடினர், அது இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது! படியெடுக்கும் மென்பொருளின் பதிப்புப் பொருந்தாமையால், அப்பணி நிறைவேறாமலே போயிருந்தது. பிழையை அறிவிக்க அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் தடுக்கப்பட்டமையால், ஒருவரும் அதனை அறிந்திலர்.

நற்பேறாக, வேறொரு சோதனைக்காக ஏறத்தாழ 6 மணி நேரத்திற்கு முன் எடுத்த படி ஒன்று கிடைத்தது. அதனை மீண்டும் உரிய இடத்தில் சேர்க்க ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று. இடையில் பதிந்த செய்திகள் மீளவில்லை. அந்நிறுவனத்தார் தம் குறையை மறைக்காது உலகறிய எழுதி வெளியிட்டமை போற்றத்தக்கது.

மாணவர்களே! இந்நிகழ்ச்சியில் நாம் கருதத்தக்கது யாது? பிழை நேர்ந்தால் மட்டும் செய்தி வரட்டும் என்று வாளாவிருத்தல் தவறு. பணி நன்கு முடிந்த நாளிலும் அறிக்கை வரவேண்டும். அறிக்கை வாராத நாளில், பிழை நேர்ந்ததோ என ஐயுற்று ஆராய வேண்டும். அவ்வப்போது படியைத் திறந்து, மூலத்தோடு ஒத்துப் பார்த்தலும் வேண்டும்.

ஏட்டின் இறுதியில் நாளைக் குறித்தவரும், கணிப்பொறியில் நேரத்தைக் குறிப்பவரும் செய்யும் தொண்டு ஒன்றே. தமக்குப் பின் வருவோர் எதனை நம்பலாம், எந்த அளவிற்கு நம்பலாம் என்பதை அவர்கள் சொல்லிச் செல்கின்றனர். நீங்களும் ஒரு பணியை முடித்தவுடன், அதனைத் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் உண்மையாக எழுதி வைக்கப் பழகுவீர்களாக.