பேஸ் பதியப் போகும் தம்பி தங்கச்சிமாருக்கு

மருதமுனையில் வீடுகள் நெருக்கம். பெரிய அம்ப்ளிபயர் வைத்து முழக்கிப் பதிய முடியாது. பேஸ் கிற்றாரை ப்ரீஅம்ப்பில் கொடுத்து, இன்டர்பேஸ் வழியாக நேரே கொம்பியூட்டருக்கு எடுப்பதுதான் நமக்குத் தோது. ஆனால் பலரும் எல்லாப் பாட்டுக்கும் ஒரே சத்தத்தையே பதிகிறார்கள். ஒரு ப்ரீஅம்ப்பில் பல குரல் உண்டு. அவற்றை எடுக்கும் வழி இது.

1. விரலில் தொடங்குங்கள். 1960களில் டெட்ரொயிட்டின் மோடவுன் ஸ்டூடியோவில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் பெரும்பாலும் அம்ப்ளிபயர் இல்லாமல் நேரடியாகத்தான் பதிந்தார். ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் சத்தம் இறுகும்; கழுத்துப் பக்கம் போனால் உருண்டு வரும்.

2. தந்தியைக் கவனியுங்கள். நம் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. வாசித்து முடிந்ததும் துணியால் துடையுங்கள். புதுத் தந்தி பளிச்சென்று ஒலிக்கும், பழையது மென்மையாக ஒலிக்கும். எது வேண்டுமென்று பாட்டுத்தான் சொல்லும்.

3. கேய்னை அளந்து வையுங்கள். பாட்டில் ஆகப் பலமாக வரும் இடத்தை மீட்டிப் பாருங்கள். மீட்டர் மைனஸ் 10 டெசிபெல் அளவில் நிற்கட்டும். இன்டர்பேஸில் வெடித்த சத்தத்தைப் பிறகு திருத்துவது கடினம். பட்டரி போட்ட பேஸ் என்றால் இன்னும் கவனம்.

4. தொனிக் குமிழ் எல்லாவற்றையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். 80 ஹெர்ட்ஸ் அளவில் கனம் இருக்கிறது, 250ஐச் சுற்றிக் கலங்கல், 800ஐச் சுற்றி உறுமல், 2,500இல் விரல் படும் ஓசை. கூட்டுவதற்கு முன் வேண்டாததைக் குறைத்துப் பாருங்கள். ஆகத் தடித்த தந்தியின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அது வராது. போனில் கேட்பவருக்கும் பேஸ் எட்ட வேண்டுமானால் 800ஐக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

5. மூன்று குரலைப் பழகுங்கள். பைலாவுக்கு, பிரிட்ஜ் ஓரம் தந்திக்கடியில் சிறு ஸ்பொஞ்ச் துண்டைச் செருகி, உயர் ஒலியைக் குறையுங்கள்; சுரம் குறுகித் துள்ளும். மெல்லிசைக்கு, கரகரப்பூட்டும் டிரைவ் இல்லாமல் கழுத்துப் பக்கம் மீட்டுங்கள். ரொக்குக்கு, டிரைவை ஏற்றி, அதைச் சுத்தமான சத்தத்தோடு கலக்கும் பிளெண்ட் குமிழைப் பாதியில் நிறுத்துங்கள். கரகரப்பும் வரும், அடிக்கனமும் கெடாது.

6. ப்ரீஅம்ப்பைத் தொடாத சுத்தமான சத்தத்தையும் தனித் தடத்தில் பதியுங்கள். பிறகு மனம் மாறினால், அதையே மறுபடி ப்ரீஅம்ப் வழியாக அனுப்பலாம். இரண்டையும் சேர்க்கும்போது அடிச்சத்தம் மெலிந்தால் ஒன்றின் அலைத்திசையை மாற்றும் பொத்தானை அழுத்துங்கள்.

7. இரைச்சல் வந்தால் முதலில் லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பிறகு கேபிளை மாற்றிப் பாருங்கள்.

8. பாட்டோடு சேர்த்துத்தான் முடிவெடுங்கள். தறியில் பாவு நூல் போல, பேஸ் மற்ற எல்லாவற்றையும் தாங்க வேண்டியது. தனியே கேட்கையில் அழகாக இருந்தால் போதாது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் வாசித்த சசிதரனையும், ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸையும் ஹெட்போனில் கேளுங்கள். பேஸை மட்டும் வாயால் முணுமுணுத்துப் பழகுங்கள்.

ஒரு ப்ரீஅம்ப்பில் மூன்று குரல் எடுக்கத் தெரியாதவருக்கு மூன்று ப்ரீஅம்ப் வாங்கியும் பயனில்லை. காசைச் செலவழிக்க முன் காதைப் பழக்குங்கள். இந்த வாரமே ஒரே பாட்டை மூன்று விதமாகப் பதிந்து, எது பொருந்துகிறதென்று பாடுகிறவரிடம் கேளுங்கள்.