பால்பல்லின் நரம்பு நலத்தை அறிவது எவ்வாறு?

பல்லின் நடுவே நரம்புகளும் இரத்தக்குழாய்களும் அடங்கிய மென்திசு உள்ளது. இதனைப் பற்கூழ் என்பர். சொத்தையாலோ அடிபட்டதாலோ பற்கூழ் பாதிக்கப்பட்டுள்ளதா என அறிய, பெரியவர்களுக்குப் பல்லின்மீது குளிர்ச்சியையோ மெல்லிய மின்தூண்டலையோ செலுத்தி, உணர்வு தெரிகிறதா எனக் கேட்பது வழக்கம்.

பால்பற்களில் இச்சோதனைகளை மட்டும் நம்ப இயலாது. சிறு குழந்தை அச்சத்தினால் வலிப்பதாகக் கூறலாம். உண்மையான உணர்வைச் சொல்லத் தெரியாமலும் இருக்கலாம். மேலும், விழும் பருவம் நெருங்குகையில் பால்பல்லின் வேர் கரையத் தொடங்குவதால் உணர்வும் மாறுபடக்கூடும்.

ஆகவே, நேரடிப் பரிசோதனை, எக்ஸ்ரே ஆகியவற்றுடன் பெற்றோர் தரும் தகவலும் இன்றியமையாதது. இனிப்போ குளிர்ந்த நீரோ பட்டதும் தோன்றி, உடனே மறையும் வலியாயின், பற்கூழைக் காக்கப் பெரும்பாலும் வாய்ப்புண்டு. தானாகவே எழும் வலி, உறக்கத்தைக் கலைக்கும் இரவு வலி, ஈறில் சீழ்க்கொப்புளம் ஆகியவை பாதிப்பு முற்றியதன் அறிகுறிகள்.

வலி தானாக நின்றுவிட்டால் பல் குணமாகிவிட்டது எனக் கருத வேண்டா, நரம்பு செயலிழந்திருக்கலாம். அடிபட்ட பல் நிறம் மாறினாலும் காட்டுங்கள். நிறமாற்றம் மட்டுமே பல்லை எடுப்பதற்குக் காரணமாகாது. தொடர்ந்து கண்காணித்தே முடிவு செய்வோம்.

“விழப்போகும் பல்தானே” என்று விட்டுவிடாதீர்கள். இரண்டாம் கடைவாய்ப் பால்பல் 10 முதல் 12 வயது வரை தேவைப்படுவது. அதன் வேரடியில் பரவும் தொற்று, கீழே வளரும் நிரந்தரப் பல்லையும் பாதிக்கலாம். வலி எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எதனால் தணிந்தது என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.