கும்மியா, களியலா, யோகாவா? கீரிப்பாறையில் குழு தொடங்க நினைப்பவர்களுக்கு

ரப்பர் தோட்டத்தில் வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் அழுத்தம் கூடி, பால் நன்றாக ஓடும். பட்டையில் சரிவாக ஒரு சீவல் சீவி, சிரட்டையைச் சரிசெய்துவிட்டு அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். நாள்பட நாள்பட வெட்டு கீழே இறங்க, வெட்டுகிறவரின் முதுகும் அதோடு குனியும். பாலைச் சேர்த்து, அளந்து கொடுத்துவிட்டு வீடு திரும்பும் ஒருவரிடம், மனசுக்கு நல்லது, சாயங்காலம் ஆடிப்பாட வாருங்கள் என்று சொன்னால், "உடம்பு இன்றைக்குப் பட்டது போதாதா?" என்றுதான் கேட்பார். கேட்பது முழு நியாயம். கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறையில் ஒரு பாட்டு, அசைவுக் குழு தொடங்க விரும்புகிறவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை இந்த ஆட்சேபத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஓர் ஆய்வு, பிரேசிலில் பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்டு, 2015-இல் வெளியானது. சிலரை நின்று வேகமாக ஆடச் சொன்னார்கள், சிலரை உட்கார்ந்தபடி கையை மட்டும் அசைக்கச் சொன்னார்கள். உழைப்பு கூடினால் வலி தாங்கும் திறன் கூடியது. ஆனால் எல்லாரும் ஒரே தாளத்தில் சேர்ந்து அசைந்தால், உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அது கூடியது; பக்கத்தில் இருப்பவரோடு நெருக்கமும் வளர்ந்தது. களைத்துப்போன உடம்புக்கு இது நல்ல செய்தி, ஏனென்றால் சேர்ந்து அசைவதே பலன் தரப் போதும். அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வில், இங்கிலாந்தில் வயதுவந்தோர் கல்வி வகுப்புகளை ஒப்பிட்டார்கள். பாட்டு வகுப்பில் முதல் மாதத்திலேயே ஒட்டுறவு வந்துவிட்டது. கைவினை, எழுத்து வகுப்புகளில் மெதுவாக வந்தது. ஏழு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லா வகுப்பும் ஒரே அளவில்தான் நின்றன. பாட்டு வாசலைச் சீக்கிரம் திறக்கிறது என்பதற்கு மேல் இதிலிருந்து எதையும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அரசு ரப்பர் கழகத் தோட்டத்தையும், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த மலையகக் குடும்பங்களையும், சுற்றிலும் காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகளையும் கொண்ட ஒரு பகுதிக்கு, வாசல் சீக்கிரம் திறப்பதே பெரிய காரியம். ஆகவே, முதல் நாளே, வேடிக்கை பார்ப்பவர் என்று யாருமில்லாமல், எல்லாரும் சேர முடிகிறதா என்பதையே நான் அளவுகோலாக வைக்கிறேன்.

அந்த அளவுகோலில் கும்மி முன்னால் நிற்கிறது. வட்டமாக நின்று கைதட்டத் தெரிந்தால் போதும். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவதால் பாட்டை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முட்டி வலிக்கிறவர் நாற்காலியில் இருந்தபடி தட்டலாம். வழக்கமான கும்மியில் குனிந்து தட்டும் இடங்கள் உண்டு. பால்வெட்டுகிறவர்களுக்கு அதை நிமிர்ந்து தட்டுவதாக மாற்றிக்கொள்வது அவசியம். பெண்கள் ஆட்டம், ஆண்கள் வரமாட்டார்கள் என்பார்கள். ஓரளவு உண்மைதான், ஆண்களைத் தாளத்துக்கும் பக்கப்பாட்டுக்கும் முதலில் அழைத்தால் அந்தக் கூச்சம் குறையும்.

களியல் இந்த மாவட்டத்தின் சொந்தச் சொத்து. விளக்கைச் சுற்றி, கையில் கம்போடு, ஆசான் பாடப் பாட வேகம் ஏறும் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இந்துக் கதையும் கிறிஸ்தவக் கதையும் அதில் ஒன்றுபோல் பாடப்படுவதால் ஊர் ஒற்றுமைக்கும் ஏற்றது. ஆனாலும் முதல் தேர்வாக அதை நான் சொல்லமாட்டேன். காலை முழுவதும் கத்தி பிடித்த மணிக்கட்டுக்கு மாலையில் மறுபடியும் கம்பா? ஜோடி தப்பினால் அடி தப்பும், விரலில் படும். புதியவர் கூசி ஒதுங்கிவிடுவார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் ஆசான் ஒருவர் கிடைத்தால் தாராளமாகத் தொடங்கலாம்.

யோகாவுக்காக வாதிடுகிறவர்களிடம் வலுவான சான்று இருக்கிறது. நாள்பட்ட முதுகுவலியில் உடற்பயிற்சியே செய்யாதவர்களைவிட யோகா செய்பவர்களின் இயக்கம் ஓரளவு மேம்படுவதைத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. முதுகுதான் முதல் குறை என்றால், தேர்ந்த ஆசிரியர் கிடைத்தால், யோகாவையே எடுங்கள். ஆனால் அங்கே அவரவர் பாயில் அவரவர் கண்மூடி இருக்கிறார்கள். தனிமைதான் குறை என்றால் அது போதாது. பஜனையும் தேவாலயப் பாடகர் குழுவும் தனிமையை நன்றாகவே போக்குகின்றன, அந்தந்த மதத்தாருக்கு. வில்லுப்பாட்டு நாஞ்சில் நாட்டின் பெருமை. என்றாலும் அதில் ஊர் உட்கார்ந்து கேட்கும், பாடுவது குழு மட்டுமே.

காணிக்காரரின் சாற்றுப்பாட்டு, கொக்கரை என்ற கருவியை உரசி நோய் நீங்கப் பாடப்படுவது என்பதால், அதையும் பயிற்சியில் சேர்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். கூடாது. அது அவர்களுடைய சடங்கு. காணிக்காரர்கள் குழுவுக்கு வந்து தாங்கள் விரும்பிய பாட்டைத் தந்தால் பெற்றுக்கொள்ளலாம், நாமாக எடுக்கக்கூடாது. மலையகப் பாடல்களின் நிலை வேறு. சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் அவற்றைத் தொகுத்துவைத்திருக்கிறார்கள். மூத்தவர்கள் வாயில் இன்னும் இருப்பவற்றைக் கேட்டுக் கும்மி மெட்டில் இணைத்தால், வந்தேறி என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த குடும்பங்களுக்கு வட்டத்தின் நடுவில் இடம் கிடைக்கும்.

இத்தனையும் மனநோய்க்கு மருந்தாகுமா என்று கேட்டால், ஆகாது. ஆனால் பலனே இல்லாமலும் இல்லை. 2015-இல் வெளியான இங்கிலாந்துச் சோதனையில், 60 வயதைக் கடந்த 258 பேரில் 14 வாரம் சேர்ந்து பாடியவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. சான் பிரான்சிஸ்கோவில் 390 முதியவர்களிடம் நடந்த சோதனையில் தனிமை குறைந்தது, வாழ்வில் ஈடுபாடு கூடியது. நினைவாற்றலிலும் உடல் வலுவிலும் மாற்றம் இல்லை. மாற்றம் இல்லை என்ற இந்த முடிவையும் அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். தூக்கமில்லாமல், சாவைப் பற்றிப் பேசிக்கொண்டு ஒருவர் வந்தால், குழு நடத்துபவரின் வேலை அவரை 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணோடும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோடும் இணைத்துவிடுவதுதான்.

மேடையும் ஆண்டுவிழாவும் வேண்டாம். போட்டி என்று வந்தால் நன்றாகப் பாடுகிறவர்கள் முன்னால் வருவார்கள், மற்றவர்கள் நின்றுவிடுவார்கள். வாரம் ஒரு மாலை, முக்கால் மணி நேரம், பால் அளந்து, குளித்து, கொஞ்சம் கண்ணயர்ந்த பிறகு. மழையில் வெட்டு நின்றுபோகும் நாட்களில் கூடுதலாக ஒரு நாள் வைக்கலாம். கூலி குறையும் அந்த வாரங்களில்தான் வீட்டுக்குள் முடங்குவது அதிகமாகும். ஒரு மாதம் கழித்து, வராமல் நின்றவர்களின் வீட்டுக்குப் போய்க் காரணம் கேளுங்கள். நேரம் ஒத்துவரவில்லை என்றால் நேரத்தை மாற்றலாம். ஆட்டம் ஒத்துவரவில்லை என்றால், ஆட்டத்தை.