மலை ஏற வரும் இளையோருக்கு

நாற்பது ஆண்டு சபை ஊழியம் முடித்து, ஏற்காட்டை அடுத்த செம்மநத்தத்தில் வந்து உட்கார்ந்த போதகன் நான். ஊழியத்தில் பாதி கடற்கரையில் கழிந்தது. மீனவர்களோடு கட்டுமரம் ஏறிப் பழகினேன். இப்போது சேர்வராயன் மலையின் ஒற்றையடிப் பாதைகளே என் உலகம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, முதுகுப் பையோடு வரும் பிள்ளைகள் என் திண்ணையில் தண்ணீர் கேட்டு நிற்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் கேளுங்கள், பிறகு நடங்கள். பேர்சிவல் பாதிரியார் 1826-ல் பாய்க்கப்பல் ஏறி இலங்கைக்கு வந்தவர். ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழாக்கினார். 1874-ல் வந்த அவருடைய பழமொழித் தொகுப்பில் 6,000-க்கும் மேற்பட்ட பழமொழிகள் உள்ளன. சனங்கள் பேசக் காதுகொடுக்காமல் அத்தனை பழமொழி சேருமா? 1882-ல் இதே ஏற்காட்டில்தான் அவர் கண்மூடினார். நீங்களும் ஊர்ப் பெரியவரிடம் கேளுங்கள். எந்த ஓடையில் இப்போது தண்ணீர் ஓடுகிறது, எந்தப் பாதை சரிந்து கிடக்கிறது என்பது வரைபடத்தில் இருக்காது. இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களுக்குத் தெரியும்.

2. காலடியைப் பாருங்கள். பேர்சிவலின் மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட், நிலவியலாளர். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்து, இந்திய வரலாற்றைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னோக்கி நீட்டியவர். அவரும் முதுமையில் ஏற்காட்டுக்கே வந்தார். எல்லாரும் மிதித்துப் போகும் கல்லைக் குனிந்து பார்த்தவர் அவர். காட்சிமுனைக்கு ஓடுகிறவர்கள் மலையைப் பார்ப்பதில்லை. மெல்ல நடக்கிறவர்களே பார்க்கிறார்கள்.

3. காற்றை மதியுங்கள். கடற்கரையில் இருந்த நாட்களில் ஒரு விடிகாலை, கட்டுமரத்தின் பாயை விரிக்கப் போன முதிய மீனவர் கையை நிறுத்தினார். வானம் எனக்குத் தெளிவாகத்தான் தெரிந்தது. அவரோ கிழக்கே அடிவானத்தில் நூலாய்க் கிடந்த கறுப்பைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு வேணாம் ஐயரே” என்று மரத்தைக் கரைக்கு இழுத்தார். ஒரு மணி நேரத்தில் கடல் புரண்டது. மலையிலும் அப்படித்தான். கோடை மாலையில் இடி கேட்டால் மொட்டைப் பாறையிலும் தனி மரத்தடியிலும் நிற்காதீர்கள், இறங்கிவிடுங்கள்.

4. காய்ந்த புல்லுக்குப் பயப்படுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற வந்த 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தீ சரிவில் மேல்நோக்கி ஓடும்போது மனிதக் கால்களை முந்திவிடும். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். 2024-ல் 40 பாதைகளோடு தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் வழிகாட்டியோடு முன்பதிவு செய்யலாம். அதில் தொடங்குங்கள்.

5. காட்டெருமைக்கு வழிவிடுங்கள். மூடுபனியில் காப்பிச் செடிகளுக்கு நடுவே அது கரும்பாறை போல நிற்கும். படம் எடுக்க நெருங்காமல், சத்தமில்லாமல் பின்வாங்குங்கள்.

6. தண்ணீரிடம் வீரம் காட்டாதீர்கள். ஏற்காடு ஏரி சின்னதுதான். ஆனாலும் உயிர்காப்பு உடையைக் கழற்றாதீர்கள், படகில் எழுந்து இடம் மாறாதீர்கள். கிளியூர் அருவிப் பாறையில் பாசி வழுக்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொன்னவர்கள் பட்டுத் தெரிந்தவர்கள்.

7. பையில் தண்ணீர், கடலை மிட்டாய், டார்ச், விசில் இருக்கட்டும். அதைவிட முக்கியம், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டுப் போவது.

8. யாரையும் கேட்காமல் நானும் ஒருமுறை நடந்தேன். மாலை நான்கு மணிக்கே பனி இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை. இரண்டு மணி நேரம் ஒரே இடத்தைச் சுற்றினேன். ஆட்டை ஓட்டிப் போன ஒரு மூதாட்டியின் குரல் கேட்டுக் கத்தினேன். “நின்ன இடத்திலேயே நில்லு சாமி, நான் வர்றேன்” என்றார். என் கையைப் பிடித்து வீடுவரை கொண்டுவந்து விட்டார். என் வேதக் கல்வியும் கடல் அனுபவமும் அன்று உதவவில்லை. பாதை தெரிந்த ஒருவர்தான் உதவினார்.

ஆகவே தயங்காமல் வாருங்கள். திண்ணையில் பானை நிறையத் தண்ணீர் இருக்கிறது. போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். இறங்கி வந்ததும் ஒரு குரல் கொடுங்கள். அதுவரை விளக்கை அணைக்க மாட்டேன்.