பாறையும் கயிறும்

புக்கிட் பாஞ்சாங் என்னும் மலாய்ப் பெயருக்கு நீண்ட குன்று என்பது பொருள். அதன் அண்டையிலுள்ள புக்கிட் தீமாவே இத்தீவின் மிக உயர்ந்த இடம். அதன் உயரமோ ஏறக்குறைய 163 மீட்டர்தான்! ஆயினும் அதன் உடல் கெட்டியான கருங்கல்லால் ஆயது. அக்கல்லை வெடிவைத்துப் பிளந்து சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் கொண்டு சென்றனர். 1924ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஜோகூர்ப் பாலத்தின் அடியிலும் இக்குன்றின் கல் கிடக்கிறது.

கல்லெடுத்த இடங்களுள் ஒன்று டெய்ரி ஃபார்ம் கல்குவாரி. முற்காலத்தில் அங்கே மாட்டுப் பண்ணை ஒன்று இருந்தமையால் அப்பெயர் வந்தது. 2009இல் அவ்விடம் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்குள்ள செங்குத்தான கற்சுவரிலே பாறை ஏறுவோர் பயிற்சி செய்வதுண்டு.

பாறை ஏறுதல் என்பது கைவலிமையால் ஆவது என்று பலர் எண்ணுவர். அஃது அன்று. பனையேறுவோர் காலில் தளையிட்டுக்கொள்வதைப் பெரியோர் பார்த்திருப்பீர்கள். உடலின் சுமையைத் தாங்குவது கால். கை, உடலை மரத்தோடு அணைத்து நிறுத்துவது. பாறையிலும் அவ்வாறே. இரு கை, இரு கால் என்னும் நான்கில் ஒன்றை மட்டும் நகர்த்தி, ஏனைய மூன்றையும் ஊன்றியிருத்தல் வேண்டும் என்பது தொடக்கப் பாடம்.

ஏறுபவர் இடுப்பு வாரில் கயிற்றைக் கட்டிக்கொள்வார். கீழே நிற்பவர் அக்கயிற்றைத் தடுப்புக் கருவி ஒன்றின் வழியே செலுத்திப் பிடித்திருப்பார். மேலே உள்ளவர் வழுக்கினால் கயிறு அக்கருவியில் இறுகி அவரை நிறுத்தும். இதற்கான கயிறு சற்றே நீளும் இயல்புடையது. நீளாத கயிறாயின் விழுபவரின் உடல் கடும் அதிர்ச்சிக்கு உள்ளாகும். கீழே நிற்பவர் ஒரு நொடி பராக்குப் பார்த்தாலும் மேலே இருப்பவரின் உயிருக்கு இடர் நேரும். ஆகையால் ஏறுமுன் இருவரும் ஒருவர் முடிச்சை மற்றவர் சோதித்துக்கொள்வர். எத்தனை ஆண்டு பழகியவரும் இதற்கு விலக்கல்லர்.

இனி, உண்மையான மலைக்கு வருவோம். சாபா மாநிலத்துக் கினபாலு 4,095 மீட்டர் உயரமுடையது. அங்கு வாழும் டூசுன் மக்கள் அதனை முன்னோர் உறையும் இடமாகப் போற்றுவர். 1851இல் ஹியூ லோ என்பவர் மேட்டுப்பகுதியை அடைந்தார். மிக உயர்ந்த முனையை 1888இல் ஜான் வொயிட்ஹெட் எட்டினார். எனினும் அம்முனைக்கு லோ சிகரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது! பனியூழிக் காலத்தில் அதன் உச்சியைப் பனிப்பாளம் மூடியிருந்தது. அது நகர்ந்து தேய்த்தமையால் கற்பரப்பு வழவழப்பாயிற்று. பனிக்கு மேலே நீட்டி நின்ற பகுதிகள் கூரிய கொம்புகளாக எஞ்சின. கழுதைச் செவிகள் என்னும் இரட்டைக் கொம்பு அவற்றுள் ஒன்று. 1964 முதல் இம்மலை காக்கப்பட்ட பூங்காவாக உள்ளது.

அங்கே இரும்புப் பாதை என்று ஒன்றுண்டு. பாறையில் இரும்புப்படிகளும் கம்பிவடமும் பதித்திருப்பர். ஏறுவோர் இடுப்பிலிருந்து இரண்டு வார்க்கொக்கிகள் அவ்வடத்தில் மாட்டப்படும். முளை ஒன்றைக் கடக்கையில் ஒரு கொக்கியைக் கழற்றி அப்பால் மாட்டிய பின்னரே மற்றதைக் கழற்றுதல் வேண்டும். இங்ஙனம் செய்தால் ஒரு கணமும் பிணைப்பின்றி நிற்க நேராது.

2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் காலை அம்மலையில் 6.0 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. பாறைகள் பெயர்ந்து உருண்டன. கழுதைச் செவிகளுள் ஒன்று முறிந்தது. பதினெண்மர் உயிரிழந்தனர். அவர்களுள் பதின்மர் சிங்கப்பூரிலிருந்து சென்ற குழுவினர். தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளி மாணவர் எழுவர், ஆசிரியர் இருவர், வழிகாட்டி ஒருவர். உங்களையொத்த பிள்ளைகள் அவர்கள். மலையைத் தம் முற்றமாகக் கொண்ட சாபா வழிகாட்டிகளும் அன்று மாண்டனர். ஜூன் 8ஆம் நாள் சிங்கப்பூரெங்கும் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன.

கயிறும் கொக்கியும் கால் வழுக்குவோரைக் காக்கும். மலையே பெயர்ந்து விழுந்தால் அவை என் செய்யும்? இதனை ஒளியாமல் பிள்ளைகளிடம் சொல்லுதல் நன்று என்பது என் கருத்து. ஆனால் அதன் பொருட்டு மலையையே மறக்கச் சொல்லுதல் தகாது. 1997 மே 23இல் எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாகக் கால்வைத்த மலேசியர் இருவரும், மகேந்திரன், மோகனதாஸ் என்னும் நம் தமிழரே. அவர்களும் ஒரு நாள் முதல் முடிச்சை எவரிடமோ கற்றவர்கள்தாம்.

பெற்றோர் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புமுன் பயிற்றுநர் தகுதி பெற்றவரா, தலைக்கவசம் உண்டா, மழை வந்தால் நிறுத்துவார்களா என்று கேட்டறிக. குவாரிச் சுவர் வெடியால் பிளந்தது. தளர்ந்த கல் இருக்கும். பிள்ளைகள் தனியே ஏறுதல் கூடவே கூடாது.

எட்டு முடிச்சை மட்டும் வீட்டில் பழகலாம். கயிற்றின் நுனியை நிலைக்கயிற்றின் மேலாகக் கொணர்ந்து ஒரு வளையம் செய்க. பின்னர் நுனியை நிலைக்கயிற்றின் அடியாகச் சுற்றி, மேற்புறமிருந்து வளையத்துக்குள் செலுத்தி இழுக்க. எட்டு என்னும் எண்ணின் வடிவம் தோன்றும். தோன்றாவிடில் அவிழ்த்து மீண்டும் கட்டுக.