ரவுட்டரும் சுவிட்சும்: பேணும் முறை

தில்லிக்குப் படிக்க வந்திருக்கும் நம் மாணவர்களுள் சிலர், தத்தம் துறையின் ஆய்வுக்கூட வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் ஏற்கின்றனர். பொறுப்பு என்றால் பெரிதாக ஒன்றும் ஒப்படைக்கப்படுவதில்லை. ஒரு சாவிக்கொத்து, சுவரில் மாட்டிய ஓர் இரும்பு அலமாரி, அதனுள் பச்சை விளக்குகள் மினுக்கும் நான்கைந்து பெட்டிகள், “நெட் வரவில்லை” என்று சொல்ல வரும் பேராசிரியர்கள். அவ்வளவே. முன்னவர் எழுதி வைத்த குறிப்பு இருப்பது அரிது. நான் இவ்வேலையில் சில ஆண்டுகளாக இருப்பவன். ஆகையால் புதிதாக இதில் கைவைக்கும் தோழர்களுக்கு உதவக்கூடிய சிலவற்றை இங்கே எழுதுகிறேன். பாடநூலில் உள்ளவற்றைத் திரும்பச் சொல்வது என் நோக்கமன்று.

இஃது அற்ப வேலை என்று எண்ணுவோர் 2022-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாளை நினைவுகூர வேண்டும். ஊரிலிருந்து வந்த உறவினரையோ, உறவினரின் உறவினரையோ அழைத்துக்கொண்டு விடியற்காலையில் எய்ம்ஸ் வாசலில் நின்றிராத தமிழ் மாணவர் தில்லியில் எத்தனை பேர் இருப்பர்? அன்று அம்மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டன. ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. பதிவுச்சீட்டு, சேர்க்கை, இரத்தப் பரிசோதனை முடிவு ஆகிய யாவும் கையெழுத்துக்குத் திரும்பின. பெரும்பாலான பணிகள் கணினிக்கு மீள இரண்டு வாரம் ஆயிற்று. தாக்குதலுக்கு ஆளாகாத ஒரு காப்பு சர்வரில் படி இருந்தமையால் தரவு பிழைத்தது. காரணம் யாது என்று நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்டபோது அரசு தந்த விடையை ஊன்றிக் கவனியுங்கள்: வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்பட்டிருக்கவில்லை என்பதே அது. பிரிப்பது யார் வேலை? சுவிட்சையும் ரவுட்டரையும் பேணுகிறவரின் வேலை.

அதற்கு வருமுன், இவ்விரு கருவிகளின் வேறுபாட்டைத் தெளிந்துகொள்வோம். சுவிட்சு என்பது ஒரு தெருவின் தபால்காரர். எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பதை அவர் கேட்டுக் கேட்டே அறிவார். அறியாத பெயர் வந்தால் தெரு முழுவதும் கூவிப் பார்ப்பார். ரவுட்டரோ ரயிலடியில் கடிதம் பிரிப்பவர். அவருக்கு வீட்டுக்காரரைத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. 1972-இல் நம் நாட்டில் வந்த பின்கோடு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். எண் 6 என்று தொடங்கினால் தெற்கே போகும் பையில் போடு. 600 என்று தொடங்கினால் சென்னைப் பையில் போடு. இரண்டும் பொருந்தினால் நீளமாகப் பொருந்துவதையே கொள். ரவுட்டர் செய்வதும் இதுதான். எண்ணைப் பிரிக்கும் இம்முறையை மனத்தில் பதித்துக்கொண்டால் ரவுட்டிங் பட்டியலில் பாதி மருட்சி நீங்கிவிடும்.

நம் நாட்டில் கல்வி நிலையங்களை இணைக்கும் முயற்சி 1986-இல் எர்நெட் என்னும் திட்டமாகத் தொடங்கியது. தொடக்கத்தில் அதில் சேர்ந்த எட்டு நிலையங்களுள் தில்லி ஐ.ஐ.டி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் இருந்தன என்பதை நம்மவர் அறிந்திருப்பது நல்லது.

இனிக் கூவும் தபால்காரரிடம் திரும்புவோம். ஏனெனில் மாணவர் விடுதிகளில் நேரும் பெருந்துன்பம் அவரால் நேர்வது. இரண்டு சுவிட்சுகளை இரண்டு கம்பிகளால் இணைத்துவிட்டால், ஒருவர் கூவியது மற்றவர் வழியே சுற்றி வந்து மீண்டும் கூவப்படும். ரவுட்டர் வழிச் செல்லும் பொட்டலத்திற்கு ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் அது ஒன்று குறைந்து, பூச்சியமானதும் பொட்டலம் மடியும். சுவிட்சு மட்டத்தில் அத்தகைய ஆயுள் எண் கிடையாது. எனவே சுற்றும் கூச்சல் தானாக ஓயாது; பெருகிப் பெருகி அனைத்தையும் அடைத்துவிடும். இதைத் தடுக்க, மேலதிகக் கம்பிகளைத் தானே மூடி வைத்து, வலையை ஒரு மரமாக்கிக் கொள்ளும் முறையை 1985-இல் ராடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் வகுத்தார். ஸ்பானிங் ட்ரீ என்பது அதன் பெயர்.

முறை இருக்கிறதே என்று வாளாவிருத்தல் கூடாது. மரத்திற்கு வேர் எந்தச் சுவிட்சு? நாம் சொல்லாவிட்டால் எல்லாச் சுவிட்சுக்கும் ஒரே முன்னுரிமை எண்தான், 32768. சமமாக நின்றால், கருவியில் பதிந்த முகவரி எண் எதற்குக் குறைவோ அதுவே வேராகும். பெரும்பாலும் பழைய கருவிக்கே சிறிய எண் இருக்கும். ஆகவே மாடிப்படிக்குக் கீழே புழுதியில் கிடக்கும் கிழட்டுச் சுவிட்சு, வளாகம் முழுமைக்கும் தலைமை தாங்கும் கூத்தைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். நடுநாயகமான சுவிட்சுக்கு 4096 என்று நீங்களே எண் கொடுத்துவிடுங்கள். அறைகளுக்குப் போகும் வாய்களில் பி.பி.டி.யு. கார்டு என்னும் காவலை இடுங்கள். யாராவது அங்கே இன்னொரு சுவிட்சைச் செருகினால் அந்த ஒரு வாய் மட்டும் மூடிக்கொள்ளும்; கட்டடம் பிழைக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில், தேர்வு விண்ணப்பத்தின் இறுதி நாளன்று முற்பகல் பதினொரு மணிக்கு எல்லாம் நின்றுபோயிற்று. வரவேற்பறையில் தரையைத் துடைத்தபின், தொங்கிய கம்பியின் இரு முனைகளையும் யாரோ சுவரிலுள்ள இரு துளைகளில் அழகாகச் செருகிவிட்டிருந்தனர். அங்கே காவல் எதுவும் இடப்படவில்லை. அலமாரியைத் திறந்தபோது எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் படபடத்தன. சுழல் உண்டாகியிருப்பதற்கு இதைவிடத் தெளிவான குறி வேண்டுவதில்லை. மாடிக்கு ஒன்றாகச் செல்லும் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். மூன்றாவதைப் பிடுங்கியதும் படபடப்பு அடங்கிற்று. பிறகு அந்த மாடிக்குள் தேடியதுதான் வேலை. நாற்பது நிமிடம். அதற்குள் வாசலில் மாணவர் கூட்டம் சேர்ந்துவிட்டது.

இதனினும் கொடியது அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் 2002 நவம்பரில் நேர்ந்தது. ஸ்பானிங் ட்ரீயின் இயல்பான கால அளவுகள் ஏழு சுவிட்சுத் தொலைவை எண்ணி வகுக்கப்பட்டவை. அங்கே கட்டடம் கட்டடமாகச் சேர்த்துச் சேர்த்து மரம் அவ்வரம்பைத் தாண்டி வளர்ந்துவிட்டது. சுமை கூடிய ஒரு நாளில் மரம் முறிந்தது. மருத்துவர்கள் சில நாள் தாளும் பேனாவுமாக இருந்தனர். பாஸ்டனில் எவரும் தாக்கவில்லை என்பதையும் கருதுக. வளர்ச்சியே பகையாயிற்று.

பிரிப்பு என்றேன்; அது எவ்வாறு? ஒரே சுவிட்சுக்குள் பல தெருக்களை வகுத்துக்கொள்ளலாம். அவற்றை வி-லான் என்பர். நூலகத்திற்கு ஒன்று, அலுவலகக் கணக்குக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, கேமராக்களுக்கு ஒன்று. ஒன்றில் கூவுவது மற்றொன்றில் கேளாது. இங்கே பலர் நின்றுவிடுகின்றனர். தெருக்களைப் பிரித்தபின் அவற்றிடையே ரவுட்டர் எல்லாவற்றையும் தடையின்றிக் கடத்துமானால், சுவர் எழுப்பிக் கதவைத் திறந்து போட்டதற்கு ஒப்பாகும். கேமராவிலிருந்து கணக்கு சர்வருக்குப் போக என்ன தேவை இருக்கிறது? ஒன்றுமில்லை. எனில் தடை எழுதுங்கள். எது போகலாம் என்று முதலில் எழுதி, மற்றவை எல்லாவற்றையும் மறுப்பதே நன்முறை. சுவிட்சுகளை நிர்வகிக்கும் முகவரிகளைத் தனித் தெருவில் வையுங்கள். அங்கே செல்ல இரண்டு மூன்று கணினிகளுக்கு மட்டுமே உரிமை இருக்கட்டும். டெல்நெட் வழியே நுழைந்தால் கடவுச்சொல் அப்படியே கம்பியில் படிக்கும்படி செல்லும், எஸ்.எஸ்.எச். மட்டும் வைத்து மற்றதை அடைத்துவிடுங்கள். விற்றவன் வைத்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள்.

மாற்றம் செய்யும்போது கைக்கொள்ள வேண்டிய முறைகளை இனிச் சொல்கிறேன். சிஸ்கோ போன்ற பல கருவிகளில் நாம் இடும் கட்டளை உடனே நடைமுறைக்கு வரும்; ஆயினும் சேமிக்கச் சொல்லும்வரை அது நிலைக்காது. மின்சாரம் போனால் மறைந்துவிடும். 2012-ஆம் ஆண்டு ஜூலை 30, 31 இரு நாளும் வடநாட்டு மின்தொகுப்பு சரிந்து தில்லி இருண்டதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அத்தகைய நாளில், ஆறு மாதமாகச் சேமிக்காமல் ஓடிய கருவி பழைய நினைவோடு எழுந்திருக்கும்.

சேமிக்காத நிலையே நமக்குத் துணையாவதும் உண்டு. தொலைவிலுள்ள ஒரு ரவுட்டரில் ஐயத்திற்கிடமான மாற்றம் செய்யுமுன், ‘ரீலோட் இன் 10’ என்று கட்டளையிடுங்கள். மாற்றம் உங்களையே வெளியே தள்ளிப் பூட்டிவிட்டால், பத்து நிமிடத்தில் கருவி தானே அணைந்து பழைய நிலையில் எழும். எல்லாம் நலமெனில் அக்கட்டளையை நீக்கிவிட்டுச் சேமியுங்கள். ஜூனிப்பர் கருவிகளில் ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ என்பது இதனினும் நேர்த்தி. உறுதி சொல்லாவிடில், அணையாமலே பழைய நிலைக்குத் திரும்பும்.

ஒரு சொல்லின் அருமையையும் குறிக்க வேண்டும். சிஸ்கோ சுவிட்சில் இரு சுவிட்சுகளை இணைக்கும் தடத்தில் புதிய வி-லான் ஒன்றைச் சேர்க்கையில் ‘ஆட்’ என்ற சொல்லை விட்டுவிட்டால், புதியது மட்டும் நிற்கும். பழையவை அனைத்தும் போய்விடும். கட்டளையைத் தாளில் எழுதி, அருகிலிருப்பவரை ஒருமுறை வாசிக்கச் சொல்லிவிட்டே தட்டச்சிடுங்கள்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் மறைந்ததும் பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளையால்தான். அதன் முதுகெலும்பு இணைப்புகள் அறுந்தன; தன் முகவரி இருக்குமிடத்தை உலகிற்கு அறிவிப்பதையும் நிறுத்திக்கொண்டது. சரிசெய்ய வேண்டிய கருவிகளுக்குச் செல்லும் வழியும் அதே வலையில் இருந்தமையால் பொறியாளர்கள் நேரில் போக வேண்டியதாயிற்று. நமக்கு அவ்வளவு பெரிய வலை இல்லை. எனினும் கன்சோல் கம்பி ஒன்று அலமாரியிலேயே தொங்கட்டும். வேகம் பெரும்பாலும் 9600 என்பதை அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள்.

கடிகாரத்தைப் பற்றிச் சொன்னால் சிரிப்பர். ஆனால் நேரம் அமைக்காத சிஸ்கோ சுவிட்சு தான் விழித்த நாளை 1993 மார்ச் 1 என்று எண்ணிக்கொள்கிறது. பத்துக் கருவிகள் பத்து நேரம் காட்டினால், எது முதலில் விழுந்தது என்று எவ்வாறு அறிவது? 2022 ஏப்ரல் 28 அன்று சி.இ.ஆர்.டி.-இன் வெளியிட்ட ஆணையின்படி, கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இணைக்க வேண்டும். பதிவுக் குறிப்புகளை 180 நாள் காக்க வேண்டும். குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை ஆறு மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும். இந்திய நேரத்தைப் பேணும் அந்த ஆய்வகம் இதே தில்லியில் பூசா வட்டாரத்தில் இருக்கிறது. அதன் முதல் இயக்குநர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், ஆய்வகம் நிற்கும் சாலைக்கும் அவர் பெயரே. பதிவுகளைச் சுவிட்சிலேயே விட்டுவைக்காதீர்கள், அணைந்தால் அழியும். தனிக் கணினி ஒன்றுக்கு அனுப்புங்கள்.

தில்லியின் வெயிலும் புழுதியும் தனிப் பகை. மே மாதத்து அனற்காற்றில் அலமாரி அடுப்பாகிவிடும். விசிறியின் ஓசை மாறினால் ‘நாளை பார்ப்போம்’ என்று விடாதீர்கள். ஒளியிழை வகைகள் சிலவற்றின் முனையில் ஒளி செல்லும் நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கினும் குறைவு. ஒரு துகள் போதும், மறைத்துவிட. செருகுமுன் துடையுங்கள், செருகாத முனைக்கு மூடி இடுங்கள். செப்புக் கம்பி 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரு வாயில் சி.ஆர்.சி. பிழை எண்ணிக்கை நாள்தோறும் ஏறினால், முதலில் கம்பியை ஐயுறுங்கள். மொட்டைமாடி வழியே வந்தால் குரங்கையும் ஐயுறலாம். யு.பி.எஸ். பேட்டரியை மூன்று மாதத்திற்கொருமுறை, முன்னறிவித்துவிட்டு, மின்சாரத்தை நிறுத்தியே சோதியுங்கள். விளக்கு எரிகிறது என்பதை மட்டும் நம்பலாகாது.

மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலையை வெள்ளிக்கிழமை மாலையில் தொடங்காதீர்கள். உற்பத்தியாளர் ஆதரவை நிறுத்திவிட்ட கருவியை வெளியுலகை நோக்கிய இடத்தில் வைக்காதீர்கள். உள்ளே சிறு வேலைக்குப் பயன்படட்டும்.

கடைசியாகக் குறிப்பேடு. ஒவ்வொரு வாயும் எந்த அறைக்குச் செல்கிறது என்பதைக் கருவியிலேயே விளக்கமாக எழுதுங்கள். கம்பியின் இரு முனையிலும் சீட்டு ஒட்டுங்கள். அமைப்பின் படியை வாரந்தோறும் வேறோர் இடத்தில் வையுங்கள். தலைமைக் கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரையிட்டுத் துறைத்தலைவரிடம் கொடுங்கள். பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறுமுன், அலமாரிச் சாவி எவரிடம் உள்ளது, மாற்றுச் சுவிட்சு எந்த அறையில் உள்ளது, அதில் எந்த அமைப்பு ஏற்றப்பட்டுள்ளது என்னும் மூன்றையும் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் தேதியிட்டு எழுதி, அடுத்துப் பார்த்துக்கொள்பவரை அதன்கீழ் கையொப்பமிடச் சொல்லுங்கள்.