ட்ரில் பற்றரி சைக்கிளை ஓட்டுமா?

கேள்வி: நான் அலுமினியம் பிட்டிங் வேலை செய்பவன். தெமட்டகொடையில் தொடர்மாடியொன்றில் குடும்பத்தோடு இருக்கிறேன். வேலை பெரும்பாலும் வெள்ளவத்தைப் பக்கம். 2022இல் பெற்றோல் இல்லாத நாட்களில் வாங்கிய சைக்கிளுக்கு இப்போது 36 வோல்ட், 250 வாற் மோட்டர் ஒன்று கொன்ட்ரோலரோடு கிடைத்திருக்கிறது, பற்றரி இல்லை. ட்ரில்லுக்கும் கிரைண்டருக்கும் போடும் ‘20 வோல்ட், 5 அம்பியர்’ பற்றரிகள் நான்கு வைத்திருக்கிறேன். இரண்டைச் சேர்த்தால் 40 வோல்ட் வருமே, கொன்ட்ரோலர் கருகாதா? நான்கையும் உடைத்து, செல்களை எடுத்து ஒரே பற்றரியாகக் கட்டித் தருவதாக நண்பர் சொல்கிறார். கட்டலாமா?

— வாசகர், தெமட்டகொடை

பதில்: இரண்டு பற்றரிகளை உடைக்காமல், தொடராக இணைத்து ஓட்டலாம். கொன்ட்ரோலர் கருகாது. செல்களைப் பிரித்துக் கட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

முதலில் வோல்ட் கணக்கு. உங்கள் பற்றரிக்குள் தொடராக இருப்பவை ஐந்து செல்வரிசைகள். லித்தியம் அயன் செல் ஒன்று சராசரியாக 3.6 வோல்ட் தரும். சார்ஜ் நிறைந்தால் 4.2. ஐந்துக்கு 18, நிறைந்தால் 21. ஒரே வகைப் பற்றரியில் ஒரு கம்பனி 18 என்றும் இன்னொன்று 20, 21 என்றும் அச்சிடுவது இதனால்தான். இரண்டைத் தொடராக்கினால் 36 வோல்ட், நிறைந்தால் 42. கடையில் விற்கும் 36 வோல்ட் சைக்கிள் பற்றரியும் இதே பத்து வரிசைதான். மலிவான மெஷின்களில் 88, 128 என்று பெரிய எண்கள் இருக்கும். அவற்றை நம்பாமல், சார்ஜ் நிறைந்த பற்றரியை மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள். அம்பியர் எண்ணிலும் கவனம் வேண்டும். 18650 எனப்படும் செல்கள் பத்து உள்ள பற்றரி, மிக நல்ல செல்லாக இருந்தாலும் சுமார் 7 அம்பியர்-மணிதான் தரும். அதே அளவுப் பெட்டியில் 15 என்று போட்டிருந்தால் அது பொய்.

அடுத்தது தூரம். 18 வோல்டை 5 அம்பியர்-மணியால் பெருக்கினால் 90 வாற்-மணி, இரண்டுக்கு 180. அதில் 150ஐப் பயன்படுத்தலாம் என்று வையுங்கள். பெடலும் மிதித்தால் கிலோமீற்றருக்குச் சுமார் 10 வாற்-மணி போகும். ஆக 15 கிலோமீற்றர். பேஸ்லைன் வீதியால் பொரளை, நாரஹேன்பிட்டி தாண்டிக் கிருலப்பனைக்குப் போய் வெள்ளவத்தைக்குத் திரும்பினால் ஒரு வழிக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர். போக ஒரு சோடி, வர ஒரு சோடி என்று நான்கையும் பிரித்துக்கொண்டால் தாராளமாகப் போதும்.

இப்போது முக்கியமான விடயம். ட்ரில் பற்றரியின் பாதுகாப்பு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருப்பதில்லை. பல வகைகளில், சார்ஜ் அடிமட்டத்துக்கு இறங்கியதும் ஓட்டத்தை நிறுத்துவது ட்ரில். நிறைந்ததும் நிறுத்துவது சார்ஜர். பற்றரியைச் சைக்கிளில் பூட்டினால் ட்ரில் செய்த காவல் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். செல் 2.5 வோல்டுக்குக் கீழே வெகுவாக இறங்கினால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செப்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள் ஷோட் ஆகலாம். தீ அங்கே பிறக்கிறது.

கொன்ட்ரோலரே 31 வோல்ட் அளவில் நிறுத்திவிடுமே என்று நினைக்கலாம். அது பார்ப்பது கூட்டுத் தொகையை. ஒரு பற்றரி 18இல் இருக்க, களைத்துப்போன மற்றது 13க்கு இறங்கியிருந்தாலும் கூட்டினால் 31தான். ஆகவே ஒவ்வொரு பற்றரிக்கும் தனியாக, 15 வோல்டில் நிறுத்தும் சிறிய ரிலே போர்ட் ஒன்று வேண்டும். அதன் ரிலே முனைகளைக் கொன்ட்ரோலரின் பிரேக் வயரோடு இணைத்தால் போதும். பிரேக் பிடித்ததாக எண்ணி மோட்டர் நின்றுவிடும். இந்தப் போர்டுகளும் கொஞ்சம் கரண்டைக் குடிப்பதால், போய்ச் சேர்ந்ததும் பற்றரிகளைக் கழற்றி வையுங்கள்.

ஃபியூஸ் 20 அம்பியரில், பற்றரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் சாதாரண கார் ஃபியூஸ் 32 வோல்டுக்குச் செய்யப்பட்டது. 42 வோல்டில் அது உருகினாலும் தீப்பொறி அணையாமல் நிற்கலாம். 58 வோல்ட் எழுதியதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே கம்பனி, ஒரே அளவு, ஒரே வயதுள்ள இரண்டைச் சோடியாக்கி எண் போடுங்கள். காலையில் ஒன்றைக் கிரைண்டருக்குக் கொடுத்துவிட்டு மாலையில் அதே சோடியைச் சைக்கிளில் போடாதீர்கள். சார்ஜ் ஏற்றுவது அவற்றோடு வந்த சார்ஜரில், தனித்தனியாக. இரண்டைச் சமாந்தரமாக இணைக்கவே வேண்டாம்: நிறைந்த பற்றரிக்கும் இறங்கியதற்கும் இடையே 4 வோல்ட் வித்தியாசம் இருந்தால், இணைத்த கணமே பத்துக்கணக்கான அம்பியர் பாயும்.

உங்கள் நண்பர் சொல்வதை ஏன் மறுக்கிறேன்? வெவ்வேறு வயதுச் செல்கள் ஒன்றாக வாழாது. பலவீனமானது முதலில் சாகும். நிக்கல் பட்டியை ஒட்ட ஸ்பொட் வெல்டர் வேண்டும். சோல்டரிங் சூடு செல்லைக் கெடுக்கும். நியூயோர்க் நகரில் லித்தியம் பற்றரித் தீயால் 2023இல் மட்டும் 18 பேர் இறந்தார்கள். பழைய பற்றரிகளில் கழற்றிய செல்களால் பற்றரி கட்டுவதை அந்த நகரம் அதே ஆண்டு தடைசெய்தது.

ட்ரில் பற்றரியின் முனைகள் திறந்தவை. மழைக்கு மூடிய பெட்டி தேவை; கடற்காற்றில் துருப்பிடிக்கிறதா என்றும் பார்த்துவாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய பற்றரி காய்ந்தாலும் அதைத் தொடக்கூடாது. தொடர்மாடியில் படிக்கட்டிலோ வாசலிலோ இரவில் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் எல்லோரும் வெளியேறும் வழி அதுதான். வீங்கினால், தொட முடியாமல் சுட்டால், புகைத்தால் பிள்ளைகளோடு வெளியேறி 110ஐ அழையுங்கள். அந்தப் புகை நஞ்சு.

58 வோல்ட் ஃபியூஸும் இரண்டு ரிலே போர்டுகளும் கைக்கு வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். அவை கிடைக்காவிட்டால் காசு சேர்த்து, பாதுகாப்புப் போர்டோடு முத்திரையிட்டு வரும் 36 வோல்ட் சைக்கிள் பற்றரியை வாங்குங்கள். அதுவரை பெடலை மிதித்தே போகலாம். இந்த நான்கு பற்றரிகளும் உங்கள் தொழிலுக்கு இருக்கட்டும்.